நாரிக்குப் பெல்ட் கட்டும் ஊர்

விசுவமடுவில் நாரி நோவை ஒருவரும் ஒரு வருத்தமாகக் கணக்கெடுப்பதில்லை. கச்சான் பிடுங்கப் போறவைக்கு இருக்கு. உழவு மெசினுக்கு மணல் ஏத்திற பெடியளுக்கு இருக்கு. கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் ஆடைத்தொழிற்சாலைக்குப் போய், நாள் முழுக்கத் தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருக்கும் பிள்ளையளுக்கு இருக்கு. ஓட்டோ ஓடுற அண்ணைமாருக்கு இருக்கு. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பதோடு கதை முடிஞ்சிடும். வைத்தியமும் எல்லாருக்கும் ஒன்றுதான்: இரண்டு பனடோல், இரவில் கொஞ்சம் சித்தாலேப, அதுக்கும் கேக்காட்டி மருந்துக்கடையில் ஒரு பெல்ட். விடிஞ்சால் திரும்பவும் வேலை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். முள்ளந்தண்டைப் பிடித்து நிறுத்துவது நடு உடம்பின் தசைகள். அந்தத் தசைகளைப் பலப்படுத்துவதற்கு ஜிம் தேவையில்லை, காசு தேவையில்லை, ஒரு பாய் போதும். ஆனால் எங்கட பக்கத்தில் அந்த விஷயம் 'சிக்ஸ் பேக்' வைக்க ஆசைப்படுகிற பெடியளின்ர விஷயமாகச் சுருங்கிப் போச்சு. உடம்பை மட்டும் முதலாக வைத்து உழைக்கும் ஒரு ஊருக்கு அது கட்டுபடியாகாது. பாடசாலையும் விளையாட்டுக் கழகமும் கிளினிக்கும் இதைத் தங்கட வேலையாக எடுக்க வேண்டும்.

முதலில், நாரி என்னத்தில் நிற்குது என்று பார்ப்போம்.

கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5 என்று, அசையக்கூடிய 24 முள்ளென்புகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் வட்டுக்கள், சுற்றிவர இணையங்கள். பார்க்க உறுதியான தூண் மாதிரித்தான் தெரியும். ஆனால் 1961இல் லூக்காஸ், பிரெஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். இறந்த உடலிலிருந்து எடுத்த முள்ளந்தண்டில் தசையெல்லாம் நீக்கி, எலும்பையும் இணையத்தையும் மட்டும் விட்டு, மேலே சுமை வைத்தார்கள். ஏறத்தாழ 2 கிலோவிலேயே அது வளைந்து சரிந்துபோனது. எங்கட தலையே அதைவிடப் பாரம். அப்படியென்றால் 50 கிலோ உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நடக்கும் மனிசனைச் சரியாமல் வைத்திருப்பது தசைதான்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை. 2009 தையில் இந்த ஊர் முழுதாக இடம்பெயர்ந்தது. அதுக்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்தவைக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். நடுக்கம்பு எவ்வளவு மொத்தமாக இருந்தாலும், நாலு பக்கமும் கயிறு ஒரே இழுவையில் இல்லாட்டி முதல் காத்துக்கே கொட்டில் படுத்திடும். ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் மற்றப் பக்கம் கம்பைத் தன்பக்கம் இழுத்து வளைக்கும். முள்ளந்தண்டும் அப்படித்தான். முன்பக்கம் வயிற்றுத் தசைகள், பின்பக்கம் முதுகுத் தசைகள், இரண்டு பக்கமும் சரிவுத் தசைகள். மேலே கூரை மாதிரிப் பிரிமென்றகடு. கீழே நிலம் மாதிரி இடுப்புத்தளத் தசைகள். இவ்வளவும் ஒரே நேரத்தில் அளவாக இறுகும்போது வயிற்றறைக்குள் அமுக்கம் கூடி, நாரி உள்ளேயிருந்தும் தாங்கப்படுகிறது. பாரம் தூக்கும்போது எல்லாரும் தன்னையறியாமல் 'ம்ம்' என்று மூச்சைப் பிடிப்பது இதுக்காகத்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த மனோகர் பஞ்சாபி 1992இல் இதை மூன்று பகுதியாகப் பிரித்துக் காட்டினார். எலும்பும் இணையமும் ஒன்று, தசை இரண்டாவது, எப்போது எவ்வளவு இறுக வேண்டும் என்று கட்டளை கொடுக்கும் நரம்பு மூன்றாவது. ஒன்று பலவீனப்பட்டால் மற்ற இரண்டும் கொஞ்சம் ஈடுகொடுக்கும். ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில்தான் நோ வருது என்பது அவருடைய விளக்கம். இதில் எலும்பையும் வட்டையும் நாங்கள் நினைத்தபடி மாற்ற முடியாது. தசையையும், அது நேரத்துக்கு வேலை செய்வதையும் பழக்க முடியும். எங்கட கையில் இருக்கிறது அந்தப் பங்குதான்.

அந்த 'நேரத்துக்கு' என்பது முக்கியம். 1996இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஹொட்ஜஸ், றிச்சர்ட்சன் இருவரும், ஆக்களை நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தார்கள். நாரி நோ இல்லாதவர்களுக்குக் கை அசைய முன்னமே வயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை இறுகிவிட்டது. நாரி நோ உள்ளவர்களுக்கு அது பிந்தி வந்தது. கயிறு இருக்கு, ஆனால் காத்து அடிச்ச பிறகுதான் இறுகுது.

இன்னொரு ஆய்வு இதைவிட எங்களுக்குக் கிட்ட வருகிறது. முள்ளந்தண்டை ஒட்டியிருக்கும் மல்டிஃபிடஸ் என்ற சின்னத் தசை, முதல் தரம் நாரி பிடிக்கும்போதே நோ உள்ள பக்கத்தில் மெலிந்து போகிறது. நோ மாறினாலும் அந்தத் தசை தானாகத் திரும்பி வருவதில்லை. ஜூலி ஹைட்ஸ் குழு இதை 1996இல் காட்டியது. அதே ஆக்களைத் தொடர்ந்து பார்த்து 2001இல் வெளியிட்ட முடிவில், அந்தத் தசைக்குப் பயிற்சி செய்தவர்களில் 30 வீதமானவர்களுக்குத்தான் ஒரு வருடத்துக்குள் நாரி நோ திரும்பி வந்தது. பயிற்சி செய்யாதவர்களில் 84 வீதம். மொத்தம் 39 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் எங்கட ஊரில் கேட்கும் ஒரு கதைக்கு அதில் பதில் இருக்கு: "போன வருசமும் இதே மாதிரித்தான் பிடிச்சது, பிறகு மாறிட்டுது, இப்ப திரும்பவும்." நோ மாறினதை நாங்கள் சுகமானதாக எடுத்துக்கொள்கிறோம். நோ போனது மட்டும்தான், கயிறு இன்னும் தளர்ந்தபடி இருக்கு.

இதே இடத்தில் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க 'கோர்' என்ற சொல்லை வைத்துப் பெரிய வியாபாரம் நடக்குது. யூடியூபைத் திறந்தால் 'பத்து நாளில் முதுகு வலி போய்விடும்' என்று ஆயிரம் வீடியோ. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. ஆழத் தசைகளைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சி மற்றப் பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது என்றுதான் 2016இல் வந்த கொக்ரேன் மீளாய்வு முடிவெடுத்தது. அதே கொக்ரேனின் 2021 மீளாய்வு 249 ஆய்வுகளையும் 24,000க்கும் மேற்பட்ட ஆக்களையும் சேர்த்துப் பார்த்து, நாட்பட்ட நாரி நோவுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பயிற்சி செய்வது நோவைக் குறைக்கிறது என்றது. 2024இல் அவுஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஒரு ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நோ திரும்பி வர சராசரி 208 நாள் எடுத்தது, மற்றவர்களுக்கு 112 நாள். வெறும் நடை!

சிலர் இதை வாசித்துவிட்டு "அப்ப கோர் பயிற்சி சும்மாவோ?" என்று கேட்கலாம். எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுது. விசேட மெசின் தேவையில்லை, பெயர்பெற்ற பயிற்சியாளர் தேவையில்லை, ஒரு குறிப்பிட்ட முறையைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எதைத் தொடர்ந்து செய்கிறோமோ அது வேலை செய்யும். ஜிம் இல்லாத ஊருக்கு இதைவிட என்ன வேணும்?

இனி பெல்ட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2023 மார்கழியில் நாட்பட்ட நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பயிற்சியும், நோவைப் பற்றி ஆளுக்கு விளங்கப்படுத்துவதும் அதில் பரிந்துரைக்கப்பட்டிருக்கு. வழமையாகக் கொடுக்கத் தேவையில்லை என்று சொன்ன பட்டியலில் இடுப்புப் பெல்ட்டும், இழுத்துக் கட்டும் சிகிச்சையும் இருக்கின்றன. பனடோலின் கதையும் பெரிதில்லை. 2014இல் அவுஸ்திரேலியாவில் திடீர் நாரி நோ வந்த 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, பரசிற்றமோல் போட்டவர்களும் வெறும் போலிக் குளிசை போட்டவர்களும் ஏறத்தாழ ஒரே நாளில்தான் சுகமானார்கள், சராசரியாக 17 நாள், 16 நாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ டொக்டர் கட்டச் சொன்ன பெல்ட் வேறு விஷயம், அதைக் கழட்டச் சொல்லி நான் சொல்லவில்லை. கடையில் தாங்களே வாங்கி, வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டு திரியிற பெல்ட்டைத்தான் சொல்கிறேன். அதைக் கட்டினால் கொஞ்சம் துணிவு வரும். அந்தத் துணிவில் இன்னும் இரண்டு மூட்டை கூடத் தூக்கிறதுதான் நடக்குது.

"வெயிலுக்க நாள் முழுக்க வேலை செய்யிற உடம்புக்கு என்ன தம்பி எக்சசைஸ்? அது இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு." இந்தக் கேள்வியை இந்தப் பேச்சு எடுத்த இடமெல்லாம் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை உடம்பைப் பலப்படுத்தும் என்று நாங்கள் நம்பி வளர்ந்திருக்கிறோம்.

டென்மார்க்கின் அந்திரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் இதைத்தான் பல வருடமாக ஆராய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி தரும் நன்மையை, கூலிக்குச் செய்யும் கடும் வேலை அதே மாதிரித் தருவதில்லை என்பது அவர்களுடைய கருத்து. காரணம் விளங்கும். பயிற்சியில் பாரத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், களைச்சால் நிறுத்துகிறீர்கள், அடுத்த நாள் ஓய்வு எடுக்கிறீர்கள். வேலையில் பாரத்தை லொறி தீர்மானிக்குது. மணல் ஏத்திறவர் எப்பவும் ஒரே பக்கம்தான் திரும்பி எறிகிறார். கச்சான் பிடுங்கிற அக்கா ஐந்து மணித்தியாலம் குனிந்தபடிதான். அதில் முதுகுப் பக்கம் ஓயாமல் இழுபட்டுக்கொண்டிருக்கு, வயிற்றுப் பக்கமும் பக்கவாட்டும் பெரும்பாலும் சும்மா இருக்கு. ஒரு கயிறு நாள் முழுக்க இழுபட, மற்றது தளர்ந்து கிடக்கு. வேலை தராத மற்றப் பங்கைத்தான் பயிற்சி தருகிறது.

சரி, என்ன செய்வது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஸ்டுவர்ட் மக்கில் மூன்று பயிற்சிகளை முன்வைத்தார். மூன்றுக்கும் பாய் மட்டும் போதும்.

முதலாவது, தலையும் தோளும் தூக்குவது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, மற்றக் காலை நீட்டி, இரண்டு கையையும் நாரிக்குக் கீழே வையுங்கோ. நாரியின் இயல்பான வளைவு நசியக்கூடாது. தலையையும் தோளையும் நிலத்திலிருந்து கொஞ்சம் மட்டும் உயர்த்திப் பிடியுங்கோ. எழும்பி இருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பக்கப் பாலம். ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி, இடுப்பை நிலத்திலிருந்து தூக்குவது. தொடங்கிறவை முழங்காலை மடக்கி, முழங்காலில் பாரம் கொடுக்கலாம். பழகின பிறகு காலை நீட்டலாம். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

மூன்றாவது, எதிர்க்கை எதிர்க்கால். குழந்தை தவழுகிற மாதிரி நாலு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. முதுகில் ஒரு கிண்ணம் தண்ணி வைத்தால் சிந்தாத அளவுக்கு நாரி ஆடாமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் பத்து செக்கன் வரைக்கும் பிடித்து, விட்டு, திரும்பச் செய்யுங்கோ. மூச்சை அடக்கக்கூடாது. நீண்ட நேரம் பிடித்துக் காட்டுறதில் போட்டி வேண்டாம். நாரிக்குத் தேவை ஒரு தரம் காட்டும் வலுவைவிட, நாள் முழுக்கக் களைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் தன்மை. எல்லாம் சேர்த்துப் பத்து, பதினைந்து நிமிடம். அதோட ஒரு நடை.

விளையாட்டுக் கழகப் பெடியளுக்கு ஒரு சொல். கிறவுண்டில் இன்னும் 'நூறு சிட்-அப்' அடிக்கிற பழக்கம் இருக்கு. கால் மடக்கி, கை தலைக்குப் பின்னால் வைத்து முழுசா எழும்பிற அந்தச் சிட்-அப் ஒவ்வொன்றும் நாரியில் 3,000 நியூட்டனுக்கு மேல் அமுக்கம் கொடுக்கிறது என்று மக்கிலின் ஆய்வுகூடம் கணித்திருக்கு. 2022இல் அமெரிக்க இராணுவம் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய உடற்தகுதிச் சோதனையில் சிட்-அப் இருக்கவில்லை, அந்த இடத்தில் பிளாங்க் இருந்தது.

தோட்டத்துக்கும் வயலுக்கும் போறவைக்கு இன்னொரு விஷயம், இது காசும் நேரமும் கேட்காது. இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டு வட்டுக்கள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும். காலையில் எழும்பும்போது நாங்கள் ஒரு சதமமீற்றர் அளவுக்கு உயரமாக இருப்பதும் அதனால்தான். அந்த நேரம் குனிந்தால் வட்டுக்கும் இணையத்துக்கும் வரும் இழுவை கூட. 1998இல் ஸ்னூக் குழு செய்த ஆய்வில், நாட்பட்ட நாரி நோ உள்ளவர்கள் காலையில் முதல் இரண்டு மணித்தியாலம் குனிவதைக் குறைத்ததும் நோ குறைந்தது. எங்கட ஆக்கள் எழும்பின கையோட முற்றம் கூட்டி, கிணற்றில் அள்ளி, வெயில் ஏற முதல் களை பிடுங்கப் போகிறார்கள். முழுசா மாற்ற ஏலாது, எனக்கும் தெரியும். ஆனால் முற்றத்தை நீட்டுத் தடி பூட்டின விளக்குமாறால் நிமிர்ந்து நின்று கூட்டலாம். குனியிற வேலைக்கு முதல் கொஞ்சத் தூரம் நடக்கலாம். குனியிற வேலையில் இருபது நிமிடத்துக்கு ஒருக்கா நிமிர்ந்து நிற்கலாம்.

எல்லா நாரி நோவுக்கும் இது மருந்தில்லை. கால் மரத்துப்போய் பலம் குறைந்தால், மலசலம் அடக்க முடியாமல் போனால், தொடை இடுக்கில் உணர்வு குறைந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த நாள் பார்ப்போம் என்ற கதை வேண்டாம். விழுந்த பிறகு வந்த நோ, காய்ச்சலோட வந்த நோ, படுத்தாலும் குறையாத நோ, உடம்பு காரணமில்லாமல் மெலிந்துகொண்டு வரும் நோ, இதுகளையும் டொக்டரிடம் காட்டுங்கோ. எங்கட ஊருக்கு மட்டும் உரிய ஒன்றும் இருக்கு. முதுகிலோ இடுப்பிலோ செல் பீஸ் இன்னும் இருக்கிற ஆக்கள், படம் எடுத்துக் காட்டி, கேட்டுவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

அந்த ஆக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் கதைக்க வேண்டும். வன்னியில் நடு உடம்பின் பலம் என்பது அழகுப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் அவர்கள்தான். கால் இழந்து செயற்கைக்காலோடு நடப்பவர்களுக்கு நாரி நோ மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. நடையில் இரண்டு பக்கமும் சமமில்லாதபோது அந்த வித்தியாசத்தை நாரிதான் தாங்குது. கால் பொருத்தினதோடு வைத்தியம் முடிஞ்சுது என்று நினைப்பதில் இந்தப் பங்கு விட்டுப்போகிறது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது இன்னும் நேரடியானது. காயம் நெஞ்சு மட்டத்தில் என்றால் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பகுதியாகவோ முழுசாகவோ கட்டளைக்குக் கேட்காது. சக்கர நாற்காலியில் இருந்தபடி நிலத்தில் விழுந்த பேனையை எடுப்பதே விழுந்துவிடும் பயத்தோடு செய்யும் காரியம். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வீரர்களுக்கு 1.0 முதல் 4.5 வரை புள்ளி கொடுப்பார்கள், களத்தில் நிற்கும் ஐந்து பேரின் கூட்டு 14ஐத் தாண்டக்கூடாது. அந்தப் புள்ளியைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு, உடம்பை எவ்வளவு தூரம் கட்டுப்பாட்டோடு சரித்துத் திருப்பி நிமிர்த்த முடியும் என்பதற்கு. உலகமே ஒத்துக்கொண்ட அளவுகோல் அது. மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 'உயிரிழை' அமைப்பு இருக்கு. மிச்சமிருக்கும் தசையை எப்படிப் பழக்குவது, சமநிலையை எப்படிப் பிடிப்பது என்பதில் இந்த மண்ணில் கூடின அனுபவம் அப்படியான ஆக்களிடம்தான் இருக்கு. எங்கட கழகங்கள் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டு, முன்னுக்கு இருத்தி, சொல்லித்தரச் சொல்லிக் கேட்கலாம். அவர்களை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுத்து அனுப்புவதை மட்டுமே நாங்கள் பழகியிருக்கிறோம்.

பிள்ளை பெற்ற தாய்மாரின் கதையும் இதோட சேர்ந்ததுதான். "சிசேரியனுக்கு முதுகில ஊசி போட்டவை, அண்டையில இருந்து நாரி நோ" என்று ஊரில் சொல்வார்கள். நோ உண்மை. ஆனால் முதுகு ஊசியால் நீண்டகால நாரி நோ கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பத்து மாதமாக இழுபட்ட வயிற்றுத் தசையும் இடுப்புத்தளத் தசையும் திரும்பிப் பலப்பட ஒருவரும் வழி சொல்லாததுதான் கூடிய காரணம் என்பது என் கருத்து. நாங்கள் வயிற்றைச் சீலையால் கட்டுகிறோம், பத்தியம் கொடுக்கிறோம், தூக்காதே என்கிறோம். நல்லது. அதுக்குப் பிறகு அந்தத் தசையை மெல்லமெல்லப் பழக்கிற படிதான் இல்லை. மூன்று மாதத்தில் அதே உடம்போட தண்ணிக் குடம் தூக்கத் தொடங்கிறா.

"வயசு போனால் வரும்தானே" என்பவர்களுக்கு: முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த முதுநிலை மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்தா. எல்லாரும் அப்படி ஓட வேண்டும் என்று இல்லை. முல்லைத்தீவு மண்ணில் எழுபது வயது உடம்பும் பழக்கினால் கேட்கும் என்பதற்கு அவ சாட்சி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பயிற்சியைப் பற்றிக் கதைக்கும்போது, பழியைத் தொழிலாளியின் தலையில் போடுவது லேசு. 'நீ எக்சசைஸ் செய்யேல்ல, அதுதான் நோ' என்று முதலாளி சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை பிழையான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கு என்று அர்த்தம். சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் பாரத்துக்கு 55 கிலோவை எல்லையாக வைத்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லா நிலைமையும் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோ என்கிறது. எங்கட நெல் மூட்டையின் பாரம் உங்களுக்கே தெரியும். எந்தத் தசையும் எல்லையில்லாத பாரத்தைத் தாங்காது. மூட்டையைச் சின்னதாக்குவது, இரண்டு பேராய்த் தூக்குவது, வேலைக்கு நடுவில் ஓய்வு, இதுகளைக் கேட்பதும் நாரியைப் பாதுகாப்பதில் ஒரு பங்கு. பலமான நாரியும் வேணும், நியாயமான பாரமும் வேணும்.

ஆகவே என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. பாடசாலைகளில் உடற்கல்விப் பாடத்தில், தரம் ஆறிலிருந்தே இந்த மூன்று பயிற்சியும், பாரம் தூக்கும் முறையும் செய்துகாட்டிப் பழக்கலாம். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளி முடிய முதலே மூட்டை தூக்கத் தொடங்குவார்கள். கழகங்கள் பின்னேரம் பந்தை எடுக்க முதல் பத்து நிமிடம் இதுக்கு ஒதுக்கலாம், கிறவுண்ட் ஓரத்தில் நின்று பார்க்கும் ஐயாமாரையும் சேர்த்துக்கொள்ளலாம். கிளினிக் நாளில் வரிசையில் காத்திருக்கும் தாய்மாருக்கு மிட்வைஃப் அக்கா இடுப்புத்தளப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கலாம். இயன்மருத்துவர் மாதத்தில் ஒரு நாளாவது ஊருக்கு வர ஒழுங்கு செய்ய வேண்டும். கிளிநொச்சிக்கோ மாஞ்சோலைக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும், அதனாலேயே முதல் தரம் போனவர் இரண்டாம் தரம் போவதில்லை.

இது ஒன்றும் நடக்க முதல், இதை வாசிக்கிற நீங்கள் ஒரு வேலை செய்யலாம். இண்டைக்குப் பின்னேரம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு, எதிர்க்கை எதிர்க்காலை நீங்கள் முதலில் செய்து காட்டுங்கோ. அவை சிரிப்பினம். பரவாயில்லை, சிரிக்கும்போதும் வயிற்றுத் தசை இறுகும்.